காத்துக்குச் சாயாத மரம்: உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

வேதாரண்யம் பக்கத்துலேருந்து:

2018 நவம்பர் 16 விடியக்காலை கஜா புயல் கரையேறினப்ப எங்க மாந்தோப்புல பாதி படுத்துருச்சு. விழுந்ததுல பெரும்பாலும் பையில வாங்கி வெச்ச ஒட்டுக்கன்னுதான். ஒண்ணோட தூரைத் திருப்பிப் பார்த்தேன். ஆணிவேர் பை அடியில முட்டி, வளையல் மாதிரி சுத்தி, அப்படியே தடிச்சுக் கெடந்துச்சு. பக்கவேரும் ஒரே பக்கம்தான். கொட்டை விழுந்து தானா முளைச்ச நாட்டு மரத்துக்குக் கிளையெல்லாம் போச்சு, தூரு அசையல. மறுபடி துளிர்த்துருச்சு.

இப்ப நாட்டுக்கொட்டையைக் குழியிலேயே ஊனிடுறோம். தண்டு பென்சில் கனம் வந்ததும் அங்கேயே இளந்தண்டு ஒட்டு, அதாவது அந்த இளந்தண்டுலயே நல்ல ரகக் குச்சியை ஒட்டிடுவோம். காய்ப்பு தள்ளிப்போகும், ஆடு வேற விடாது, வேலி செலவு தனி. இருந்தாலும் இதான் சரி.

மன்னார்குடிலேருந்து:

ஆப்பிள்லயும் இதே கதைதான்ணே. சிம்லா பக்கம் தோட்டத்துல வேலை பார்த்தப்ப, ரகத்தைக் கேக்குறதுக்கு முன்னாடி வேர்ச்செடி, அதாவது ஒட்டுக்கு அடியில வேரா இருக்குற செடி, எதுன்னுதான் கேப்பாங்க. எம்9-ங்கிற வேர்ச்செடியில ஒட்டினா குட்டை மரம், சீக்கிரம் காய்ச்சிடும். ஆனா வேர் மேலாக்க ஓடும், சட்டுனு ஒடியும். கம்பமும் கம்பியும் இல்லாம நிக்காது, ஆயுசுக்கும் முட்டு கொடுக்கணும். எம்எம்111 பெருசா வளரும், காய்க்கத் தாமதம், ஆனா பிடிப்பு நல்லாருக்கும், வறட்சியும் தாங்கும். எம்எம்106 நடுவாந்திரம், தண்ணி தேங்கினா தூர் அழுகிடும், நம்ம களிமண்ணுக்கு நினைச்சுக்கூடப் பார்க்காதீங்க. சரிவுல காத்து அடிக்கிற இடத்துல விதைக்கன்னு மேல ஒட்டினதைத்தான் பழைய ஆளுங்க நம்புவாங்க.

இன்னொண்ணு, குட்டை வேர்ச்செடியில ஒட்டு முடிச்சு, அதாவது ஒட்டுச் சேர்ந்த இடம், மண்ணுக்கு மேல தெரியணும். மூடிட்டா மேல் பாகமே வேர் விட்டு, மரம் குட்டையா இருக்காது.

பேராவூரணிலேருந்து:

ஆன்லைன்ல ஆப்பிள் கன்னு வாங்கினோம். வேர்ச்செடி எதுன்னு கேட்டா வித்தவருக்கே தெரியல! குச்சி நட்டு நைலான் கயித்தால இறுக்கிக் கட்டிவெச்சிருந்தாங்க, பட்டையில கயிறு இறங்கியிருந்துச்சு. பழைய சேலைத்துணியால எட்டு மாதிரி தளர்வாக் கட்டினேன். கன்னு கொஞ்சம் ஆடினாத்தான் தண்டு தடிக்கும், வேரும் பிடிக்கும். ஆப்பிள் காய்க்குமான்னு கேக்காதீங்க, இந்த வெயில்ல இலை இருக்குறதே பெருசு.

வேதாரண்யத்து அண்ணே, மாங்கொட்டையை எப்ப ஊனலாம்?

வேதாரண்யம் பக்கத்துலேருந்து:

பழம் தின்ன சூட்டோட ஊனிடணும்மா. ஆனி, ஆடியில கெடைக்கிற கொட்டையை ஓட்டைக் கீறிப் பருப்பை மட்டும் எடுத்து, உள்ளே குழிஞ்ச பக்கம் கீழ வர்ற மாதிரி வை. வெயில்ல காயவெச்சா முளைக்காது.