அண்ணாவின் நல்ல காலிலிருந்து எலும்பு எடுக்கலாமா?

ஒட்டுசுட்டான் தங்கை:
உழவு இயந்திரம் வரம்பில் குடைசாய்ந்து அண்ணாவின் வலது கால் நசிந்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே எலும்பில் ஒரு துண்டே இல்லை, மூடத் தோலும் இல்லை. இடது காலிலிருந்து எலும்பையும் தோலையும் சேர்த்து எடுத்து வைக்கலாம் என்கிறார் டொக்டர். "இருக்கிற ஒரு காலையும் வெட்டுறதோ" என்று அம்மா அழுகிறா. இதைச் செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

மாங்குளத்தான்:
தங்கச்சி, எனக்குச் செய்திருக்கிறது. ஏ9 வீதியில் லொறி அடித்தது.

முதலில் அம்மாவுக்குச் சொல்லுங்கோ: பாரம் தாங்குவது உள்பக்கத்துத் தடித்த எலும்பு, அதைத் தொடமாட்டார்கள். எடுப்பது வெளிப்பக்கத்து மெல்லிய பிபுலாவின் நடுத்துண்டு. கணுக்கால் ஆடாமல் இருக்கக் கீழே 6 சென்ரிமீற்றர் அளவு விட்டுவிடுவார்கள். நான் முதலில் ஊன்றி எழும்பியது அந்தக் காலில்தான். பெருவிரல் பிடிமானம் கொஞ்சம் குறைந்தது, சேற்றில் சிலிப்பர் கழன்றுபோகும். அவ்வளவுதான்.

எலும்பும் தோலும் ஒரே நாடி, நாளம் என்ற இரத்தக் குழாய்களோடு வருகின்றன. அந்தக் குழாய்களைக் காயப்பட்ட காலின் குழாய்களோடு நுணுக்குக்காட்டியில் பார்த்துத் தைப்பார்கள். நூல் தலைமயிரை விட மெல்லியது. எனக்குப் பத்து மணித்தியாலம் எடுத்தது.

பயம் முதல் மூன்று நாளும்தான். மணிக்கொரு தடவை தாதி மிஸ் வந்து ஒட்டிய தோலை விரலால் அழுத்துவா. வெளிறி, மெல்ல நிறம் திரும்பினால் சரி. இரண்டாம் இரவு அது நாவற்பழ நிறமாகிவிட்டது, விரலை எடுத்த கையோடு நிறம் திரும்பியது. நாளத்தில் இரத்தம் கட்டியிருந்தது. அந்த இரவே தியேட்டருக்குக் கொண்டுபோய்க் கட்டியை எடுத்தார்கள். மிஸ் டோர்ச் அடித்துப் பார்த்திராவிட்டால் வைத்தது முழுக்கச் செத்திருக்கும். அவவை நான் இன்னும் மறக்கவில்லை.

வாட்டில் வேலை செய்த அக்கா:
தங்கச்சி, அண்ணா பீடி, சிகரெட் பிடிப்பவரா? இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கோ. புகை அந்தச் சின்னக் குழாய்களைச் சுருக்கிவிடும். பார்க்க வருபவர்களும் பக்கத்தில் நின்று பிடிக்கக்கூடாது. டொக்டர் சொல்லும்வரை காலைத் தொங்கப்போடவும் விடாதீர்கள்.

ஒட்டுசுட்டான் தங்கை:
பீடி பிடிப்பவர்தான் அக்கா. சொல்லிவிட்டேன், பெட்டியை அம்மா அடுப்பில் போட்டுவிட்டா. மாங்குளம் அண்ணா, எப்போது வயலுக்கு இறங்கினீர்கள்?

மாங்குளத்தான்:
ஊன்றுகோலை விட ஒரு வருடம் போனது. பாரம் ஏற ஏற அந்த மெல்லிய எலும்பு தடிக்கும், ஒவ்வொரு எக்ஸ்ரேயிலும் பார்த்தேன். வரம்பில் நடந்தது அடுத்த காலபோகத்துக்கு.