செந்தூல் பிளாட், 2080-இல் லீஸ் முடிகிறது: என் வீட்டுக்கு மட்டும் நீட்டிக்க முடியுமா?

மூன்றாம்மாடி:
வணக்கம். கோலாலம்பூர் செந்தூலில் லிஃப்ட் இல்லாத பழைய பிளாட், மூன்றாவது மாடி. 1983-இல் அப்பா வாங்கியது. அவர் போன பிறகு கிராண்ட் (வீட்டுப் பட்டா) என் பெயருக்கு மாறியது. நிலம் அரசிடமிருந்து 99 வருட லீஸ், 1981-இல் தொடங்கியது. 2080 வரை நானா இருக்கப் போகிறேன் என்று அந்தத் தாளைப் பிரித்தே பார்க்கவில்லை.

இப்போது முழங்கால் மாடி ஏற மறுக்கிறது. வீட்டை விற்றுவிட்டு ரவாங்கில் மகள் வீட்டுப் பக்கம் போய்விடலாம் என்று நினைத்தோம். நம் ஆட்களில் ஓர் இளம் தம்பதி வந்து பார்த்தார்கள். விலை படிந்து, வெற்றிலை பாக்கு மாற்றாத குறைதான். பேங்க் கையை விரித்துவிட்டது. லீஸில் மீதி அறுபது வருடத்துக்குக் கீழே இறங்கிவிட்டதாம், அவர்கள் கேட்ட கடனில் முக்கால்வாசிதான் தருவார்களாம். மீதிக்கு அந்தப் பிள்ளைகள் எங்கே போவார்கள்?

சரி, லீஸை நீட்டித்துவிட்டு விற்போம் என்று ஃபைலைத் தூக்கிக்கொண்டு நில அலுவலகம் போனேன். கவுண்டரில் இருந்த பெண் மரியாதையாகத்தான் கேட்டார்: “எம்.சி கடிதம் எங்கே, அங்கிள்?” என் கிராண்ட், என் வீடு, என் பணம். நடுவில் பிளாட் நிர்வாகத்தைப் பார்க்கும் எம்.சி எதற்கு? யாராவது புரியும்படி சொல்லுங்கள்.

செராஸ் செயலாளர்:
அண்ணே, தனியாக முடியாது. உங்கள் கையில் இருப்பது ஸ்ட்ராத்தா கிராண்ட், அதாவது உங்கள் பெட்டிக்கு மட்டும். கீழே இருக்கும் நிலம் மொத்தத்துக்கும் ஒரே கிராண்ட்தான், அது எம்.சி வசம் இருக்கும். லீஸ் ஓடுவது அந்த நிலத்துக்கு. உங்கள் வீட்டின் கீழே இருக்கும் துண்டுக்கு மட்டும் 99 வருடம் கொடுங்கள் என்றால் எப்படிக் கொடுப்பார்கள்?

எங்கள் பிளாட்டில் இதே வேலையில் மூன்று வருடமாக மாட்டிக்கொண்டிருக்கிறோம். பொதுக்கூட்டத்தில் தீர்மானம் போட்டு எம்.சி மனுக் கொடுக்க வேண்டும். நில மதிப்பு, பரப்பு, எத்தனை வருடம் கூட்டுகிறோம் என்பதையெல்லாம் பார்த்து பிரீமியம் (அரசுக்குக் கட்டும் தொகை) போடுவார்கள். அதை ஷேர் யூனிட்படி, அதாவது ஒவ்வொரு வீட்டுக்கும் உள்ள பங்கின்படி, வீடுகளுக்குப் பிரிப்போம், மூலை வீடு பெரிதென்றால் அதற்குக் கூடுதல். இதுவரை சண்டை கம்மி.

அப்புறம்தான் கூத்து. ஒப்புதல் கிடைத்தால் பிரீமியம் கட்டச் சொல்லி 5ஏ நோட்டீஸ் வரும். அதில் சொன்ன தேதிக்குள் முழுத் தொகையும் கட்ட வேண்டும், இல்லையென்றால் ஒப்புதலே போய்விடும். 160 வீட்டில் 130 பேர் கட்டினார்கள் என்று வையுங்கள், 130 பேருக்கும் கிடைக்காது. மாதம் 60 வெள்ளி (ரிங்கிட்) மெயின்டனன்ஸையே கட்டாமல் நோட்டீஸ் போர்டில் பெயர் தொங்கவிட்டிருப்பவர் இதற்கு ஆயிரக்கணக்கில் எடுத்து வைப்பாரா? வாடகைக்கு விட்டுவிட்டு ஆஸ்திரேலியா போன முதலாளிகளை நான் ஃபேஸ்புக்கில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் நில அலுவலகத்தில் ஒரு சர்ச் (கிராண்டின் பதிவு விவரம்) எடுங்கள். முடியும் தேதி, விற்பனைக்குத் தடை ஏதும் எழுதியிருக்கிறதா, எல்லாம் அதில் வந்துவிடும்.

கிள்ளான்காரன்:
என்னங்க இவ்வளவு பயமுறுத்துகிறீர்கள்? என் அக்கா 1,000 வெள்ளி கட்டி லீஸை நீட்டித்து முடித்துவிட்டார்.

செராஸ் செயலாளர்:
அது சிலாங்கூர் மாநிலச் சலுகை, சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு. மீதிப் பிரீமியம் தள்ளுபடி ஆகவில்லை, விற்கும்போது கட்ட வேண்டும். அக்காவிடம் சொல்லிவையுங்கள். நில விவகாரம் அந்தந்த மாநிலத்தின் கையில். செந்தூல் மத்திய அரசின் கீழ் உள்ள கூட்டரசுப் பிரதேசம், அங்கே இந்தக் கணக்கு செல்லாது.

பட்டர்வொர்த் மல்லிகா:
அண்ணா, நான் நேராகவே சொல்கிறேன். விற்கத்தானே போகிறீர்கள்? 160 வீட்டாரும் ஒன்றுசேரும்வரை உங்கள் முழங்கால் காத்திருக்குமா? விலையைக் குறைத்து ரொக்கத்துக்கு வாங்குபவரிடம் தள்ளிவிடுங்கள். எங்கள் மாமா பத்து வருடம் கூட்டம் கூட்டமாகப் போனார். டீயும் கறிபாப்பும்தான் மிச்சம்.

மூன்றாம்மாடி:
அனைவருக்கும் நன்றி. சர்ச் எடுத்தேன். தேதி 2080தான், ஆனால் வீட்டை வேறொருவர் பெயருக்கு மாற்றிக் கொடுக்க அரசு ஒப்புதல் வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது. இத்தனை வருடம் அது என் கண்ணில் படவில்லை.

மல்லிகா சொன்னபடி ரொக்கத்துக்குக் கேட்டுப் பார்த்தேன். ஒருவர் சொன்ன விலையைக் கேட்டு என் மனைவி அடுப்படிக்கே போய்விட்டார். அடுத்த மாதம் எங்கள் எம்.சி கூட்டம். லீஸ் விஷயத்தைத் தீர்மானமாக வையுங்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். தலைவர், “நீங்களே வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்குங்களேன்” என்கிறார். நான்கு மாடி, எட்டு பிளாக், இந்தக் காலை வைத்துக்கொண்டு!

அந்தப் பிள்ளைகள் இன்னும் வாட்ஸ்அப்பில் “என்ன ஆச்சு அங்கிள்” என்று கேட்கிறார்கள். இப்போதைக்கு வாடகைக்கு வருகிறீர்களா என்று கேட்டிருக்கிறேன். இரண்டு நீல டிக் விழுந்திருக்கிறது, பதில் வரவில்லை.