பாதி நாவல் வந்தாச்சு, கதாநாயகி இன்னும் பொம்மை: திரும்பிப் போய்த் திருத்துவதா, எழுதி முடிப்பதா?

கல்லாங்_கரை:
வணக்கம். பழைய தெமாசெக்கை (சிங்கப்பூரின் பழைய பெயர்) வைத்து ஒரு மிகுபுனைவு நாவல் எழுதுகிறேன். 14ஆம் நூற்றாண்டு, ஆற்று முகத்துவாரம், யாரும் ஏறக்கூடாத குன்று (இன்றைய ஃபோர்ட் கேனிங்). முகத்துவாரத்தில் இருந்த, 1843இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்ட எழுத்துக் கல்தான் மந்திரத்துக்கு மூலம்: கல்லில் ஒரு சொல்லைப் பொறித்தால் அது நடக்கும். பொறித்தவருக்குச் சற்று நேரம் மயக்கம் வரும்.

திட்டம் 90,000 சொல். இப்போது 38,000. நாயகி செம்பி, 17 வயது, கடலோடிக் குடும்பம். மாறன், நாகப்பட்டினத்து வணிகரின் கணக்குப்பிள்ளை. மாதவன், அவன் கூட்டாளி. எதிர்ப்பக்கம் பெண்டகாரா, அதாவது ராஜாவின் முதலமைச்சர். செம்பிக்கு மட்டும் 14 பக்கக் குறிப்பு இருக்கிறது: பிறந்த நாள், பிடித்த நிறம், பயங்கள், எல்லாம். ஆனால் காட்சியில் கதை இழுத்த இழுப்புக்குப் போகிறாள். எல்லாரும் ஒரே மாதிரி பேசுகிறார்கள். சிக்கினால் மந்திரம் காப்பாற்றிவிடுகிறது. முதல் அத்தியாயத்துக்குத் திரும்பலாமா?

மூன்றாம்_வரைவு:
திரும்பாதீங்க. செம்பி யார் என்பது கடைசிப் பகுதியில் அவள் எதை விட்டுக்கொடுக்கிறாள் என்று எழுதும்போதுதான் உங்களுக்கே தெரியும். இப்போது முதல் மூன்று அத்தியாயங்களை மெருகேற்றினால், பிறகு அவற்றை வெட்ட வேண்டிவரும்போது கை வராது. வெட்டாமல் விட்ட மெருகுதான் பல நாவல்களின் தொடக்கத்தில் கனமாகக் கிடக்கிறது.

அதற்குப் பதிலாக ஒரு மாலை ஒதுக்குங்கள். 38,000 சொல் என்றால் 25, 30 காட்சி இருக்கும். ஒரு காட்சிக்கு ஒரு வரி, மூன்று கட்டம்: என்ன வேண்டும் என்று வந்தாள், என்ன செய்தாள், அதனால் எதை இழந்தாள். மூன்றாவது கட்டம் தொடர்ந்து மூன்று காட்சிக்குக் காலியாக இருந்தால், அவள் பொம்மையான இடம் அதுதான். இன்னொரு சோதனையும் உண்டு. செம்பியைத் தூக்கிவிட்டு மாறனை அங்கே நிறுத்துங்கள். காட்சி அப்படியே நடந்தால் அது அவளுடைய காட்சி இல்லை.

14 பக்கத்தில், ஒரு காட்சியிலாவது அவளை வேறு மாதிரி நடக்கவைக்கும் குறிப்பை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பிடித்த நிறம் போகட்டும். மூன்று வரி மிஞ்சினால் போதும்: எதை அடையப் பார்க்கிறாள், உலகத்தைப் பற்றி எதைத் தப்பாக நம்புகிறாள், உயிரே போனாலும் எதைச் செய்யமாட்டாள். அந்தக் கடைசி வரியைத்தான் கதை அவளைச் செய்யச் சொல்லி நெருக்க வேண்டும்.

நடுவில் அவள் குணம் மாறினால், ஏற்கெனவே அப்படித்தான் இருந்தாள் என்ற பாவனையில் மேலே எழுதுங்கள். தனித் தாளில் "அத். 14 முதல் செம்பிக்குக் குன்றைக் கண்டால் பயமில்லை, அத். 3, 7 மாற்று" என்று ஒரு குறிப்பு. பழைய பக்கத்தைத் தொட வேண்டாம்.

புளோக்_12:
மேலே சொன்ன மூன்றாவது கட்டம் காலியாக இருப்பதற்கு உங்கள் மயக்க விதிதான் காரணம் என்று நினைக்கிறேன். அடுத்த அத்தியாயத்தில் தெளிந்துவிடும் மயக்கம் விலையே இல்லை. விலை திரும்பி வரக்கூடாது. அந்த ஆளுக்கே உரிய இடத்தில் அடிக்கவும் வேண்டும்.

உங்கள் ஊர்க்கதையிலேயே பாடம் இருக்கிறது. படாங் ஓர் அடிமை. அவன் வலையில் விழும் மீனைத் தின்ற பூதத்தைப் பிடித்ததும் வரம் கிடைக்கிறது. செல்வம் கேட்டால் அது எசமானனுக்குப் போகும். மாயமாக மறையும் சக்தி கேட்டால் தன்னைக் கொன்றுவிடுவார்கள். எசமானன் வேலையைச் செய்யவாவது உதவும் என்று பலத்தைக் கேட்கிறான். அதற்குப் பூதம் கக்கியதைத் தின்ன வேண்டும், தின்கிறான். அவன் நிறம், நட்சத்திரம் எதுவும் சொல்லாமலே ஆளைத் தெரிந்துவிடுகிறது. வரம் கேட்கும்போதுகூட அடிமையாகவே யோசிக்கிறான் பாருங்கள்!

உங்கள் கல்லுக்கு ஒரு யோசனை: பொறித்த சொல்லை அதன்பின் வாயால் சொல்ல முடியாது. பெண்டகாராவின் ஆட்கள் வரும்போது செம்பி "வேண்டாம்" என்று பொறிக்கிறாள், அவர்கள் நின்றுவிடுகிறார்கள். அன்றிலிருந்து அவளால் யாருக்கும் "வேண்டாம்" சொல்ல முடியாது. கூடுதலாகச் சோறு வைத்தால் இலையை மூடுகிறாள். மாறன் கையைப் பிடித்தால் "நேரமாகிறது" என்கிறாள். 200 பக்கத்துக்கு இந்த ஒரு சொல்லே அவளைச் செதுக்கும். எழுதும்போது தப்பும் இடமும் இதுதான்: பத்து அத்தியாயம் கழித்து நீங்களே மறந்து அவள் வாயில் "வேண்டாம்" வைத்துவிடுவீர்கள். இழந்த சொற்களின் பட்டியலை வைத்து, வாரம் ஒருமுறை கோப்பில் தேடிப் பாருங்கள்.

முழுநாவலுக்கு நான்கைந்து பொறிப்புக்கு மேல் வேண்டாம்.

மெய்ப்புக்காரி:
பேச்சு பற்றி யாரும் சொல்லவில்லையே.

செம்பியும் மாறனும் உண்மையில் எந்த மொழியில் பேசிக்கொள்கிறார்கள்? அவள் பேச்சு மலாயோடு சேர்ந்தது, அவனுடையது தமிழ். சந்தையில் பேசுவது மலாயாகத்தான் இருக்கும். நீங்கள் எல்லாவற்றையும் தமிழில் எழுதினாலும், ஒவ்வோர் உரையாடலுக்கும் ஓரத்தில் மொழியைக் குறித்துவையுங்கள். தன் மொழியில் பேசுகிறவருக்கு நீண்ட வாக்கியம், பழமொழி, கிண்டல். அயல்மொழியில் பேசுகிறவருக்கு மூன்று நான்கு சொல்லில் முடியும் வாக்கியம். மாறன் மாதவனிடம் வாயாடி, செம்பியிடம் திக்கல். இதிலேயே பாதி வேறுபாடு வந்துவிடும். கப்பல், கடை இரண்டும் மலாய்க்குப் போன தமிழ்ச் சொற்கள்; அவற்றை இருவரும் பொதுவாகப் பிடித்துக்கொள்ளட்டும்.

அடுத்தது நீ, நீர், நீங்கள். ஒரு தாளில் கட்டம் போட்டு யார் யாரை எப்படி அழைக்கிறார் என்று நிரப்புங்கள். நான்கு பேர் என்றால் 12 கட்டம். கதையின் போக்கில் எந்தக் கட்டம் மாறுகிறது என்பதுதான் உறவின் வரலாறு. எதுவுமே மாறாவிட்டால் யாரும் யாரோடும் நெருங்கவில்லை, விலகவுமில்லை.

விவரிப்பிலும் இது உண்டு. செம்பியின் பார்வையில் எழுதும்போது:

பெண்டகாரா வந்தார். பாயில் அமர்ந்தார். அவள் அப்பாவின் படகைக் காட்டி, "எரியுங்கள்" என்றார். படகு கருகி முடியும்வரை அவன் பாக்கு மென்றுகொண்டிருந்தான்.

"அவர்" "அவன்" ஆன இடத்தில் அவள் மாறிவிட்டாள். "அவள் மனத்தில் வெறுப்பு மூண்டது" என்று ஒரு வரி போட்டால் கெட்டது. நாவலில் ஒருமுறைதான் இந்த வேலை பலிக்கும். மெய்ப்புப் பார்ப்பவர் பிழையென்று திருத்திவிடாமல் குறிப்பு எழுதிக் கொடுங்கள்.

மாறன், மாதவன் இருவரில் ஒருவர் பெயரை இன்றே மாற்றுங்கள். இரண்டும் "மா"வில் தொடங்கி "ன்"னில் முடிகின்றன. வாசகர் 50ஆம் பக்கத்திலும் குழம்புவார். கணினியில் "மாறன்" என்று தேடி மாற்றினால் மாறனை, மாறனுக்கு, மாறனோடு எல்லாம் அப்படியே தங்கிவிடும். "மாற" என்று தேடினால் மாறினாள், மாற்றம் எல்லாம் மாட்டும். ஆகவே மாதவனை மாற்றுவது சுலபம். புதுப்பெயரும் "ன்"னில் முடியட்டும், சாத்தன் மாதிரி. அப்போது "மாதவ" போய் "சாத்த" வந்தாலே போதும், வேற்றுமை உருபு தானாக ஒட்டிக்கொள்ளும். பெண்பெயராக்க நினைத்தால் வினைமுற்று ஒவ்வொன்றையும் கையால்தான் திருத்த வேண்டும்.

கல்லாங்_கரை:
நன்றி. மாதவன் இனி சாத்தன். ஒரு சந்தேகம்: பெண்டகாரா ஏன் கெட்டவன் என்பதற்கு ஒரு சிறுவயதுக் கதை வைத்திருக்கிறேன், 2,000 சொல். தேவையா?

புளோக்_12:
எடுத்துவிடுங்கள். கொடிய மீன்கள் கரையைத் தாக்கியபோது வாழைத்தண்டால் வேலி போடச் சொன்ன சிறுவனை ராஜா கொல்லச்சொன்ன கதை தெரியும்தானே? "இவன் வளர்ந்தால் நமக்கு ஆபத்து" என்று ஒரே காரணம். ராஜாவின் பக்கத்திலிருந்து பார்த்தால் நியாயமாகவும் படும். பெண்டகாராவுக்கும் அதுபோல் ஒரு வாக்கியக் காரணம் கொடுங்கள். செம்பி கல்லை வைத்து என்னவெல்லாம் செய்யலாம் என்று அவனுக்கு அவளைவிடத் தெளிவாகத் தெரியட்டும்.

மெய்ப்புக்காரி:
இன்னொன்று, வேறு இழையில் நீங்கள் போட்ட மாதிரிப் பகுதியில் செம்பி மிளகாய் அரைக்கிறாள், மரவள்ளி அவிக்கிறாள். இரண்டும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். 14ஆம் நூற்றாண்டில் இந்தப் பக்கமே வரவில்லை. மிளகு, இஞ்சி, சேம்பு வையுங்கள். மிகுபுனைவுதானே என்று விட்டால், கல்லில் பொறித்தது நடப்பதை நம்பும் வாசகர்கூட மிளகாயில் நின்றுவிடுவார்.