தலைப்பைச் சுருக்கும்போது மெய்யெழுத்தின் புள்ளி போய்விடுகிறது, எங்கே திருத்துவது?

கேள்வி:
ஒரு சின்ன ஓப்பன் சோர்ஸ் குறிப்பு செயலி, ஜாவாஸ்கிரிப்டில் எழுதியது. பக்கப் பட்டியலில் தலைப்பு 20 எழுத்தைத் தாண்டினால் வெட்டி மூன்று புள்ளி வைக்கிறது. என் தலைப்பு "வாசிக்காத புத்தகங்கள் பட்டியல்", அது "வாசிக்காத புத்தகங்கள…" என்று வருகிறது, கடைசி ள் தலையில் புள்ளியே இல்லை. நிரலைத் தேடிப் பார்த்தேன், ஸ்லைஸ் (இத்தனையாவது இடம்வரை என்று வெட்டியெடுக்கும் கட்டளை) போட்ட ஒரே ஒரு வரிதான். 20-ஐ 21 ஆக்கினால் இந்தத் தலைப்பு சரியாகிறது, இன்னொன்று கெடுகிறது.

பதில் 1:
எண்ணை மாற்றிப் பயனில்லை. நாம் ள் என்று ஒரே எழுத்தாகப் பார்ப்பது கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் ள, புள்ளி என இரண்டு குறி. "தமிழ்" என்பதை எண்ணச் சொன்னால் 3 வராது, 5 வரும். உங்கள் தலைப்பில் 20-வது குறி ள, 21-வது அதன் புள்ளி, நடுவில் கத்தரி விழுந்திருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டிலேயே இருக்கும், உரையைத் துண்டாக்கும் கருவியான இன்டல் செக்மென்டரை (Intl.Segmenter) 'கிராஃபீம்', அதாவது கண்ணுக்கு ஒரே எழுத்தாகத் தெரியும் துண்டு, என்று கொடுத்து உடைத்து, முதல் 20 துண்டைச் சேருங்கள்.

பதில் 2:
செக்மென்டர் க்ஷ-வை க், ஷ என்று இரண்டாகத்தான் உடைக்கும். "பக்ஷி" வெட்டுப்பட்டு "பக்…" என்று நிற்கலாம், பார்க்க நன்றாக இருக்காதுதான், ஆனாலும் புள்ளி தொலைவதைவிடத் தேவலை. அதற்காகத் தனி விதி எழுதி நிரலைக் குழப்ப வேண்டாம்.

கேட்டவர்:
போட்டுப் பார்த்தேன். இடைவெளியோடு சேர்த்து மொத்தமே 19 துண்டுதானாம், அதனால் தலைப்பு வெட்டே இல்லாமல் முழுதாக வருகிறது! ஆனால் இப்போது பட்டியலின் ஓரத்தை இடித்துக்கொண்டு வெளியே நீட்டுகிறது.

பதில் 1:
அப்படியானால் எண்ணுவதே தப்பு, அங்கே அளவு அகலம்தான். திரையில் காட்டுவதற்கு மட்டும் என்றால் அந்த ஸ்லைஸ் வரியைத் தூக்கிவிட்டு பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸில் டெக்ஸ்ட்-ஓவர்ஃப்ளோவுக்கு எலிப்சிஸ் கொடுங்கள், கூடவே ஓவர்ஃப்ளோ ஹிடன், வொயிட்-ஸ்பேஸ் நோராப் இரண்டும் வேண்டும், இல்லாவிட்டால் கடைசியில் அந்த மூன்று புள்ளி வராது. அப்புறம் ஒன்று, அந்த வரி இருக்கும் ஃபங்ஷனை நிரலில் வேறு எங்காவது கூப்பிடுகிறார்களா என்று பார்த்துவிட்டு அழியுங்கள்.

கேட்டவர்:
நல்ல வேளை சொன்னீர்கள், ஏற்றுமதி செய்யும் கோப்பின் பெயரும் அதில்தான் வெட்டுப்படுகிறது. அங்கே செக்மென்டர், பட்டியலுக்கு சிஎஸ்எஸ். நிரலைச் சோதிக்க இருக்கும் டெஸ்ட் எல்லாம் ஆங்கிலத் தலைப்புகள், அதனால்தான் இத்தனை நாள் யார் கண்ணிலும் படவில்லை. என் புத்தகப் பட்டியலையே டெஸ்டாகச் சேர்த்து, திருத்தத்தை ஏற்கச் சொல்லி புல் ரிக்வெஸ்ட் அனுப்புகிறேன்.

பதில் 2:
அந்தத் தலைப்பு 19 துண்டுதானே, டெஸ்டில் வெட்டே விழாது. இன்னும் ஒரு சொல் கூட்டிக்கொள்ளுங்கள்.