திரை மஞ்சளாகிவிட்டது, தேதியும் தினந்தோறும் பின்னால் போகிறது: ஃபார்மட் செய்யத்தான் வேண்டுமா?

கேள்வி:
வணக்கம். எங்கள் வீட்டு மேசைக் கணினி எட்டு ஆண்டுகள் பழையது; விண்டோஸ் 10 இயங்குகிறது. சென்ற வாரம் வெள்ளையடிப்பதற்காக அதை அடுத்த அறைக்கு மாற்றிவிட்டு, பிறகு பழைய இடத்திலேயே வைத்து இணைத்தோம். அன்று முதல் திரை முழுவதும் மஞ்சளாகத் தெரிகிறது. எழுத்துகள் பெருத்து மங்கலாக உள்ளன. டிஸ்பிளே அமைப்பில் 1920 × 1080 என்ற தெரிவே இல்லை, 1024 × 768 வரைதான் காட்டுகிறது. அது போதாதென்று, காலையில் இயக்கும்போதெல்லாம் தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருக்கிறது. அதைத் திருத்தும்வரை வங்கித் தளம் உட்பட எதையும் பிரவுசர் திறக்க மறுக்கிறது. பகலில் ரீஸ்டார்ட் செய்தால் மட்டும் தேதி மாறுவதில்லை. பழுதுபார்ப்பவர் வைரஸ் என்று சொல்லி ஃபார்மட் செய்யச் சொல்கிறார். குடும்பப் புகைப்படங்கள் அனைத்தும் அதில் இருப்பதால் தயங்குகிறேன்.

மறுமொழி 1:
தயவுசெய்து ஃபார்மட் செய்ய வேண்டாம். இரவில் சுவர் சுவிட்சையும் அணைத்துவிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். மின் இணைப்பு இருக்கும்வரை, கணினி அணைந்திருந்தாலும் மதர்போர்டின் (கணினிக்குள் உள்ள முதன்மைச் சுற்றுப் பலகையின்) கடிகாரத்துக்குச் சிறிதளவு மின்சாரம் கிடைத்துக்கொண்டிருக்கும். சுவிட்சை அணைத்தபின் அதை ஓட்டுவது சிஆர்2032 என்னும் 3 வோல்ட் பொத்தான் பேட்டரிதான். அது தீர்ந்துவிட்டதால்தான் காலையில் மட்டும் தேதி தவறுகிறது. ஒவ்வொரு தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழுக்கும் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. உங்கள் கணினியின் தேதி தொடக்க நாளுக்கு முந்தையதாக இருந்தால் பிரவுசர் அதை ஏற்காது. இணையத்திலிருந்து நேரம் தானாகத் திருந்தாதா என்று கேட்பீர்கள்: வேறுபாடு 15 மணி நேரத்துக்கு மேல் இருந்தால், வழக்கமான அமைப்பில் விண்டோஸ் அதைத் தானாகத் திருத்துவதில்லை.

மறுமொழி 2:
திரைக் கோளாறு வேறு, தேதிக் கோளாறு வேறு. கணினியை இடம் மாற்றியதுதான் முதலாவதற்குக் காரணம் என்று தோன்றுகிறது. இரவில் கண் கூசாதிருக்கத் திரையின் நீல ஒளியைக் குறைக்கும் நைட் லைட் வசதி தவறுதலாக இயங்கினாலும் திரை மஞ்சளாகும். ஆனால் அதனால் 1920 × 1080 காணாமல் போகாது. மானிட்டரிலுள்ள பொத்தானை அழுத்தி அதன் சொந்த மெனுவை வரவழையுங்கள். மெனுவின் வெள்ளை எழுத்து வெள்ளையாகவே இருந்து, பின்னாலுள்ள படம் மட்டும் மஞ்சளாக இருந்தால் மானிட்டரில் குறையில்லை. கேபிளையும் கணினியையும்தான் சந்தேகிக்க வேண்டும். நீங்கள் பயன்படுத்துவது விஜிஏ கேபிள் (படத்தை மானிட்டருக்குக் கொண்டுசெல்லும் பழைய வகைக் கேபிள்) என்றால், 15 ஊசிகளில் முதல் மூன்றும் முறையே சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றைச் சுமப்பவை. நீலம் வராவிட்டால் வெள்ளை மஞ்சளாகும், நீல நிறப் பொருள்கள் கறுத்துப்போகும். 12, 15 ஆகிய ஊசிகளின் வழியாகத்தான் மானிட்டர் தன் அளவுகளைக் கணினிக்குச் சொல்கிறது. அந்தப் பேச்சு அறுந்தால், கணினி எதற்கும் இருக்கட்டும் என்று 1024 × 768 போன்ற குறைந்த அளவோடு நின்றுவிடும்.

மறுமொழி 3:
பேட்டரியைக் கழற்றும் முன் பயாஸ் (கணினியை இயக்கியதும் முதலில் ஓடும் அடிப்படை நிரல்) அமைப்புகளைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்வது நல்லது; பேட்டரி இல்லாவிட்டால் அவை அழிந்துவிடக்கூடும். ஹார்ட் டிஸ்க்கின் இயக்க முறை அதில் மாறிவிட்டால் விண்டோஸ் தொடங்காமல் நின்றுவிடக்கூடும்.

மறுமொழி 1 எழுதியவர்:
பொதுவாக நல்ல அறிவுரைதான். ஆனால் இவருடைய கணினி அந்த அமைப்புகளை ஏற்கனவே ஒவ்வோர் இரவும் இழந்துகொண்டிருக்கிறது. அப்படியிருந்தும் விண்டோஸ் தொடங்குகிறது என்றால் இழக்க இனி ஒன்றும் இல்லை. மின்கம்பியைக் கழற்றிவிட்டு, பிளஸ் குறி உள்ள பக்கம் மேலே இருக்குமாறு புதிய பேட்டரியைப் பொருத்துங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. மெனு எழுத்து வெள்ளையாகவே இருந்தது. கேபிளைக் கழற்றிப் பார்த்தால் மேல் வரிசையின் நடு ஊசியும் கீழ் வரிசையில் ஓர் ஊசியும் மடிந்து கிடந்தன. அவசரத்தில் சாய்வாகச் செருகியது நான்தான். பக்கத்து வீட்டுக் கேபிளை இணைத்தவுடன் நிறமும் அளவும் திரும்பிவிட்டன. பேட்டரியையும் மாற்றினேன், இன்று காலை தேதி சரியாக இருந்தது. இரண்டு ஐயங்கள்: இந்தக் கேபிளில் நடு வரிசையில் ஓர் ஊசியே இல்லை, அது பழுதா? படம் ஓரிரு புள்ளிகள் இடப்பக்கம் தள்ளியிருப்பதை என்ன செய்வது?

மறுமொழி 2 எழுதியவர்:
அது 9ஆம் ஊசியாக இருக்கும். பல கேபிள்களில் அதைத் தயாரிக்கும்போதே விட்டுவிடுகிறார்கள், பழுதன்று. படம் தள்ளியிருப்பதற்கு, திரை நிறைய ஏதேனும் ஒரு வெளிர்நிறப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மானிட்டரின் ஆட்டோ பொத்தானை ஒருமுறை அழுத்துங்கள். கறுத்த பின்னணியில் அழுத்தினால் அது படத்தின் ஓரத்தைத் தவறாகக் கணித்துவிடும்.