புதுப்பிப்பு: மாத்திரையை நிறுத்தப்போய் சொட்டு மருந்துக்கு வந்த கதை
மனச்சோர்வுக்குப் போட்டுவந்த எசிட்டலோபிராம் மாத்திரையை 10 மி.கி.யிலிருந்து 5 ஆக்கி, இரண்டே வாரத்தில் நானாகவே நிறுத்தியதும் தலைக்குள் கரண்ட் அடிக்கிறது என்று முந்தைய பதிவில் புலம்பியிருந்தேன் அல்லவா, அதன் தொடர்ச்சி.

டாக்டரைப் பார்த்தேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. பழைய மனச்சோர்வு திரும்பவில்லை, மருந்தைச் சட்டென்று விட்டதன் விளைவு என்று சொல்லி மறுபடி 5-இல் வைத்தார். நான்கைந்து நாளில் அடங்கியது. கண்ணைப் பக்கவாட்டில் திருப்பினால் 'ஸ்ஸ்' என்று ஓர் அதிர்வு வருமே, அதை வீட்டில் யாரும் நம்பவில்லை. டாக்டர் கேட்டதுமே தலையாட்டினார்.

அவர் விளக்கியது: மூளையில் மருந்தின் பிடி மில்லிகிராம் கணக்கில் சீராக இறங்காதாம். 10-லிருந்து 5-க்கு வந்தால் கொஞ்சம்தான் தளரும். 5-லிருந்து பூஜ்யம்தான் பெரிய சரிவு. அதனால் கடைசிப் படிகள் சின்னதாக இருக்க வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் போடலாமா என்றேன். வேண்டவே வேண்டாம், ரத்தத்தில் அளவு ஏறி இறங்கி அதே தொல்லையைக் கிளப்பும் என்றார்.

இப்போது அதே மருந்து சொட்டு வடிவில். எனக்குத் தந்ததில் ஒரு சொட்டு 1 மி.கி. மாதம் ஒரு சொட்டு குறைப்பதாகத் திட்டம். 4-க்கு வந்ததும் தூக்கம் கெட்டு, எதற்கெடுத்தாலும் எரிச்சல். சரி என்று அங்கேயே கூடுதலாக மூன்று வாரம் நின்றோம். இன்று 3.

இதே வகை மருந்தான ஃப்ளூவாக்ஸெட்டினை விட்டபோது தனக்கு ஒன்றுமே ஆகவில்லையே என்று கேட்டவருக்கு: அது உடலில் வாரக்கணக்கில் தங்கி, தானாகவே மெல்ல இறங்கும். என் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது, உங்கள் டாக்டரிடமே கேளுங்கள். எனக்கு அடுத்த சந்திப்பு இரண்டு வாரம் கழித்து.