மொரிஷியஸின் த்ரூ ஓ செர்ஃப் ராடாரில் உள்ளான் தெரியுமா?

தேர்ரூஜ்_நடை:
நேற்று ராத்திரி காயப்போட்ட துணியை எடுக்க மாடிக்குப் போனேன். தலைக்கு மேலே இருட்டில் மூன்று நான்கு மெல்லிய விசில், அவ்வளவுதான். காலையில் தேர் ரூஜ் கழிமுகத்துக்குப் போனால், வடிந்த சேற்றில் புதிதாக வலசை வந்த கரைப்பறவைகள், கல்திருப்பி உள்ளான்கள், கல்லைப் புரட்டிக்கொண்டிருக்கின்றன. அமெரிக்காவில் பேர்ட்காஸ்ட் என்று ஒன்று, 143 வானிலை ராடார்களை வைத்து இன்றிரவு எங்கே எவ்வளவு பறவை பறக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். நம் கியூர்பிப் ஊரில் த்ரூ ஓ செர்ஃப் மேட்டில் நிற்கும் வானிலை ராடார் புயல் இல்லாத நாளில் சும்மாதானே சுற்றுகிறது, நாமும் செய்யலாமே?

கியூர்பிப்_தூறல்:
சும்மா சுற்றுகிறதா! கியூர்பிப்பில் மழை இல்லாத நாளை முதலில் காட்டுங்கள் அண்ணே. 143 எங்கே, ஒன்று எங்கே? 23 வருட ராடார் பதிவைக் காற்று, வெப்பநிலை, அழுத்தம் எல்லாவற்றோடும் பொருத்திப் பார்த்துத்தான் 2018இல் அந்தக் கணிப்பு முறையை வெளியிட்டார்கள். அங்கே ஒரே ராத்திரியில் கோடிக்கணக்கில் பறக்கின்றன, இங்கே வருவதைக் கரையில் நின்றே எண்ணிவிடலாம். அப்புறம் உயரம். ராடார் அலையை அரை டிகிரி சாய்வில் விட்டாலும் பூமியின் வளைவால் 100 கிலோமீட்டர் தூரத்தில் அது ஒன்றரை கிலோமீட்டர் ஏறியிருக்கும், ராடார் நிற்பதே சுமார் 600 மீட்டரில். தாழப் பறப்பது எதுவும் சிக்காது.

தேர்ரூஜ்_நடை:
கடல் தாண்டி வருபவை தாழ்வாகத்தான் வரும் என்று யார் சொன்னது? கரைப்பறவைகள் மூன்று நான்கு கிலோமீட்டர் உயரத்திலும் போகும்.

கியூர்பிப்_தூறல்:
சரி, சிக்கியது என்றே வைப்போம். அது உள்ளானா பூச்சியா?

தேர்ரூஜ்_நடை:
ராடார் காட்டும் வேகத்திலிருந்து காற்றின் வேகத்தைக் கழித்துப் பாருங்கள். பூச்சி பெரும்பாலும் காற்றோடு மிதக்கும், பறவை அதைவிட வேகமாகவோ குறுக்காகவோ போகும். எந்த இனம் என்று தெரியாது, அதை ஒப்புக்கொள்கிறேன்.

ரியூனியன்_மருமகள்:
நடுவில் நுழைகிறேன். இங்கே ரியூனியன் தீவில் ஏப்ரலில் பாரோ பெட்ரல் என்ற கடற்பறவையின் குஞ்சுகள் மலை உச்சிப் பொந்திலிருந்து ராத்திரியில் முதல்முறை கடலுக்குக் கிளம்பும்போது ஊர் விளக்கில் மயங்கி விழும். எங்கள் வாசலிலும் ஒன்று கிடந்தது, தூக்கினால் கையெல்லாம் மீனெண்ணெய் வாடை, துண்டில் சுற்றுவதற்குள் கொக்கி மூக்கால் என் விரலைப் பிடித்துவிட்டது. அட்டைப்பெட்டியில் வைத்து மீட்புக்காரர்களிடம் கொடுத்தோம். எந்த மாதம் என்று தெரியும், நிலா இல்லாத ராத்திரிகளில் அதிகம் விழும் என்றும் தெரியும். விளக்கை அணைக்க இது போதாதா, ராடார் எதற்கு?

தேர்ரூஜ்_நடை:
உங்களுக்கு ஒரே பறவையினம், ஒரே மாதம். சிகாகோவில் 2023 அக்டோபர் 5 அன்று ஒரே கட்டடத்தில் மோதி ஆயிரம் பறவைகளுக்குப் பக்கம் செத்தன. வலசை வரும் செப்டம்பர், அக்டோபர் இரண்டு மாதமும் ஊரே விளக்கை அணைக்குமா? எந்த ராத்திரி என்று சொன்னால்தான் அணைப்பார்கள்.

கியூர்பிப்_தூறல்:
சிகாகோவுக்குச் சரி, போர்ட் லூயியில் எத்தனை உள்ளான் கண்ணாடியில் மோதியது? வேண்டுமானால் வானிலைக்காரர்களிடம் செப்டம்பர், அக்டோபர் பழைய ராடார் பதிவுகளைக் கேட்டுப் பாருங்கள். மழை அல்லாததைக் குப்பை என்று வடிகட்டுவதற்கு முந்தைய பதிவாகக் கேளுங்கள், இல்லையென்றால் உங்கள் உள்ளான் எல்லாம் அந்தக் குப்பையோடு போயிருக்கும்.